மினி டிராக்டருக்குப் பெரிய டிப்பர் மாட்டலாமா?

கேள்வி: எங்களுக்கு அன்னூர் பக்கம் நான்கரை ஏக்கர். மூன்று ஏக்கர் தென்னை, மீதியில் வாழையும் தீவனச் சோளமும். தென்னைக்குள் உழுவதற்கென்று 22 எச்.பி. மினி டிராக்டர் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் பெரிய டிராக்டரை விற்றுவிட்டார். அதற்கு மாட்டியிருந்த இரண்டு சக்கர டிப்பரை எங்களுக்குக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்கிறார். குளத்திலிருந்து வண்டல் மண் அடிக்கலாம், தேங்காயும் ஏற்றலாம் என்பது வீட்டில் யோசனை. அரை டிப்பர் சாணி எரு போட்டு ஊருக்குள் இழுத்துப் பார்த்தார்கள், சிரமமில்லாமல் இழுத்தது. "அதுதான் இழுக்குதே, அப்புறம் என்ன?" என்கிறார் என் வீட்டுக்காரர். பெரும்பாலும் ஓட்டப் போவது 20 வயது மகன். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. மாட்டலாமா, கூடாதா? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: கூடாது, சகோதரி. அந்த டிப்பர் உங்கள் டிராக்டருக்கு ஆகாது. விலை மலிவு என்பதற்காக முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் இதைப் படிப்பார் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இந்தக் கோடையில் இதே கேள்வியை என்னிடம் நேரில் கேட்டவர்களும் பல பேர்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பொய் இல்லை. இழுக்கத்தான் செய்யும். சமதளத் தார் ரோட்டில் சக்கரத்தின் மேல் நிற்கும் பாரத்தை உருட்ட, அந்தப் பாரத்தில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு இழுவை போதும். ஐந்து டன் நிற்கிறது என்றால் 100 முதல் 150 கிலோ இழுவை. முதல் கியரிலோ இரண்டாவது கியரிலோ 22 எச்.பி. இன்ஜினுக்கு அது ஒரு வேலையே இல்லை. அதனால் ஊருக்குள் இழுத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒரு வண்டி இன்னொரு வண்டியை இழுக்கும்போது மூன்று கேள்வி இருக்கிறது. இழுக்குமா என்பது ஒன்று. கொக்கியில் இறங்கும் பாரத்தைத் தாங்குமா என்பது இரண்டாவது. நிறுத்துமா என்பது மூன்றாவது. நம்மவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

கொக்கிப் பாரம் என்ன என்று மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வண்டியில் முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். பாரம் ஏற்றியதும் அந்தக் காலத்துப் பெரியவர்கள் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார்கள். இரண்டு சக்கர டிப்பரும் அதே மாட்டு வண்டிதான். பாரம் முழுவதும் டிப்பரின் சக்கரத்தில் நிற்பதில்லை. ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் முதுகில் இறங்குகிறது. மாடு கத்தும், படுத்துக்கொள்ளும். டிராக்டர் ஒன்றும் சொல்லாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது உங்கள் டிராக்டரையும் அந்த டிப்பரையும் வைத்துக் கணக்குப் போடுவோம். இது நோட்டில் போட்ட தோராயக் கணக்கு. உங்கள் வண்டியின் சரியான எண்கள் கையேட்டிலும் ஆர்.சி. புத்தகத்திலும் இருக்கும். இந்த அளவு மினி டிராக்டர் முக்கால் டன்னிலிருந்து ஒரு டன் சொச்சம் வரை இருக்கும். ஓட்டுபவரையும் சேர்த்து ஒரு டன் என்று வைப்போம். அதில் முன்சக்கரத்தில் 400 கிலோ, பின்சக்கரத்தில் 600 கிலோ. பெரிய டிராக்டரின் டிப்பர் காலியாகவே ஒரு டன்னுக்கு மேல் வரும், 1,200 கிலோ என்று கொள்வோம். வண்டல் மண் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, காய்ந்த நிலையிலேயே ஏறக்குறைய 4 டன். ஈரம் இருந்தால் இன்னும் கூடும். ஆக டிப்பரும் மண்ணும் 5,200 கிலோ, டிராக்டரோடு சேர்த்து 6,200 கிலோ.

அந்த 5,200 கிலோவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், சுமார் 600 கிலோ, கொக்கியில் இறங்கும். கொக்கி பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்கும் பின்னால் அரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே 600 கிலோவை வைத்தால் பின்சக்கரம் அந்த 600 கிலோவை மட்டும் சுமப்பதில்லை. ஏற்றம் இறைக்கும் துலாவைப் போல முன்சக்கரத்திலிருந்தும் 200 கிலோவைத் தூக்கிப் பின்னால் போட்டுவிடும். 400 கிலோ நின்ற முன்சக்கரத்தில் 200தான் மிச்சம். 600 கிலோ சுமந்த பின் அச்சில் 1,400. அந்த அச்சும் பேரிங்கும் டயரும் இந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. இது வண்டி நிற்கும்போது உள்ள நிலை. இன்னும் நகரவே இல்லை.

இப்படியே குளத்துக்குள்ளிருந்து கரை ஏறுவோம். பத்தடி நீளத்துக்கு ஓரடி உயரும் சாதாரண ஏற்றம் என்று வைத்தால்கூட, டிப்பர் பின்னோக்கி இழுப்பது 520 கிலோ. மெத்தென்ற மண்ணில் சக்கரம் புதையும் தடை ஒரு 200 கிலோ. 720 கிலோ இழுவை 40 சென்டிமீட்டர் உயரக் கொக்கியில் விழுந்தால், முன்சக்கரத்தை மேலே தூக்கும் விசை ஏறக்குறைய 190 கிலோ. அங்கே மிச்சம் இருந்ததே 200. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும், வண்டி திரும்பாது. நம் பக்கத்துக் குளங்களில் லாரி இறங்க வெட்டிய சரிவு பத்துக்கு ஒன்று என்ற அளவில் இருப்பதும் அபூர்வம். ஐந்தடிக்கு ஓரடி உயரும் இடங்களையும் பார்த்திருக்கிறேன்.

முன்சக்கரம் தூக்கினால் நம்மவர்கள் செய்யும் வைத்தியம் தெரியும்தானே? பானெட்டில் இரண்டு பையன்களை உட்கார வைப்பது. இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. டிராக்டர் பின்பக்கமாக மல்லாக்கக் கவிழ ஒன்றரை நொடிகூட ஆகாது. கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்கு எட்டி, கால் நகர்வதற்குள் முடிந்துவிடும். முன்பாரத்துக்கு என்று கம்பெனி தரும் இரும்புக் கட்டிகள் இருக்கின்றன, அவற்றை மாட்டலாம். அது உழவுக்கும் ரொட்டவேட்டருக்கும் போதும். இந்த டிப்பருக்குப் போதாது.

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். கொக்கியில் இழுத்தால் சக்கரம் சுற்றுகிறது, மேலே இழுத்தால் பிடிக்கிறது என்று, கலப்பையின் மேல் கம்பி மாட்டும் இடத்தில், அதாவது டாப் லிங்க்கில், சங்கிலியைக் கட்டி இழுப்பது. மாட்டிக்கொண்ட டிப்பரை மீட்கவும், தென்னைக் கட்டையைப் பிடுங்கவும் இப்படிச் செய்கிறார்கள். பின் அச்சுக்கு மேலே எங்கே கட்டி இழுத்தாலும் டிராக்டர் தன்னைத்தானே மல்லாத்திக்கொள்ளும். இழுவை எப்போதும் கீழ்க் கொக்கியில்தான்.

கரையில் ஏறியாகிவிட்டது என்றே வைப்போம். இனி மறுபக்கம் இறங்க வேண்டும். என் கவலையெல்லாம் இங்கேதான்.

நம் ஊர் டிராக்டரில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். நீங்கள் சொல்லும் வகை டிப்பர்களில் பெரும்பாலும் பிரேக்கே இருப்பதில்லை. 6,200 கிலோவையும் நிறுத்த வேண்டியது டிராக்டரின் பின்சக்கரம் இரண்டு மட்டுமே. பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், டயர் தரையைப் பிடிக்கும் பிடிப்புக்கு மேல் நிறுத்தாது. காய்ந்த தார் ரோட்டில் அந்தப் பிடிப்பு, சக்கரத்தின் மேல் நிற்கும் பாரத்தில் ஒரு பங்குதான். பத்துக்கு ஆறு என்று வைப்போம். 1,400 கிலோவுக்கு 840 கிலோ. பத்துக்கு ஒன்று சரிவில் மொத்த வண்டியைக் கீழே தள்ளும் விசை 620 கிலோ. மிச்சம் 220 கிலோ. அந்த 220 கிலோவை வைத்துத்தான் ஆறே கால் டன்னை நிறுத்த வேண்டும். 20 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நிற்பதற்கு 40 மீட்டருக்கு மேல் வேண்டும். வெறும் டிராக்டர் சமதளத்தில் நாலைந்து மீட்டரில் நிற்கும்.

இப்போது அதே சரிவில் டிப்பரிலிருந்தே சிந்திய மண்ணும் சரளையும் பரவிக் கிடக்கிறது. பிடிப்பு பத்துக்கு நாலாகக் குறையும். 1,400 கிலோவுக்கு 560. கீழே தள்ளுவது 620. கழித்துப் பாருங்கள். பிரேக்கை அடியோடு மிதித்தாலும் வண்டி நிற்காது, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். சறுக்கும் டிராக்டரைப் பின்னாலிருந்து டிப்பர் தள்ளும். நேராகத் தள்ளினால் ரோட்டில் நிற்பவர்களின் கதி. கொஞ்சம் கோணலாகத் தள்ளினால் டிராக்டரும் டிப்பரும் பேனாக்கத்தி மாதிரி மடங்கி, டிராக்டர் பக்கவாட்டில் புரளும். உங்கள் மகன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும், இந்தக் கழித்தலை அவனால் மாற்ற முடியாது.

இது நம் ஊர்க்காரர்கள் மட்டும் கேட்கும் கேள்வி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வீட்டையே சக்கரத்தில் வைத்து இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள பெரிய டிரெய்லர். அதன் முன்பகுதி பிக்கப் வண்டியின் பின்தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே உள்ள ஒரு வட்டத் தட்டில் வந்து உட்காரும். "ஐந்தாம் சக்கரம்" என்று அதற்குப் பெயர். அங்கே சிறிய ரகப் பிக்கப்பை "அரை டன் பிக்கப்" என்பது பழைய வழக்கு. அந்த அரை டன் வண்டியில் இந்த வீட்டை மாட்டலாமா என்பது அங்கே தீராத விவாதம். இன்ஜின் 300 எச்.பி.க்கு மேல், நாலரை டன்னைத் தாராளமாக இழுக்கும் என்று விற்பவர் சொல்லுவார். ஆனால் நாலரை டன் வீட்டின் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, 900 கிலோ, அந்தத் தட்டில் இறங்கும். வண்டி தன் மேல் சுமக்கலாம் என்று கதவோர ஸ்டிக்கரில் எழுதியிருப்பது 700, 800 கிலோ அளவில்தான் பல வண்டிகளில் இருக்கும். அதிலேயே குடும்பமும் சாமானும் அடக்கம். இழுவையில் பாஸ், சுமையில் ஃபெயில். 300 எச்.பி. வண்டிக்கே இந்த நியாயம் என்றால் 22 எச்.பி.க்கு என்ன சொல்வது? ஒன்று சொல்ல வேண்டும், அந்த வீட்டு டிரெய்லரில் தனியாக மின்சார பிரேக் இருக்கிறது. நம் டிப்பரில் அதுவும் இல்லை.

சரி, உங்கள் டிராக்டருக்கு எவ்வளவுதான் மாட்டலாம்? வெளிநாட்டு டிராக்டர் கம்பெனிகளின் கையேடுகளில் ஒரு கணக்கு உண்டு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால், பாரத்தோடு சேர்த்து அதன் எடை டிராக்டர் எடையில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது, அதுவும் வேகத்தைக் குறைத்து. சரிவும் மண் பாதையும் உள்ள நம் ஊருக்கு நான் இதையே உச்சவரம்பாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் ஒரு டன் டிராக்டருக்கு டிரெய்லரும் பாரமும் ஒன்றரை டன். நானூறு, ஐநூறு கிலோவில் மினி டிராக்டருக்கு என்றே செய்யும் சிறிய டிரெய்லர் கிடைக்கிறது. அதில் ஒரு டன் ஏற்றலாம். மட்டையோடு இருக்கும் தேங்காய் என்றால் 700, 800 காய். உரித்தது என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு. மண் என்றால் 25 கன அடி. எருவும் வாழைத்தாரும் தீவனமும் இதில் தாராளமாகப் போகும்.

"25 கன அடி வைத்து என்றைக்கு மண் அடித்து முடிப்பது?" என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. ஒரு யூனிட்டுக்கு நாலு நடை, டீசல், ஆள் கூலி எல்லாம் பார்த்தால் கட்டுப்படியாகாது. அதனால்தான் வண்டலைப் பொறுத்தவரை சொந்த வண்டியே வேண்டாம் என்கிறேன். வண்டல் அடிப்பது வருடம் முழுக்க நடக்கும் வேலை இல்லை. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கியதிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகள் அந்தக் கணக்கில் வந்துவிட்டன. தண்ணீர் நிறைந்துவிட்டால் மண் எடுக்க முடியாது. காய்ந்து கிடக்கும் சில வாரங்கள்தான் உங்களுக்கு வாய்ப்பு. வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கிவிட்டு, பிரேக் உள்ள பெரிய வண்டியை இரண்டு மூன்று நாள் வாடகைக்குப் பேசி அடித்து முடியுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நாலு பேர் சேர்ந்து பேசினால் வாடகை இறங்கும். வேளாண்மைப் பொறியியல் துறையில் எந்தெந்த இயந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் என்பதை உழவன் செயலியில் பார்க்கலாம்.

எந்த டிரெய்லரை வாங்கினாலும், வாங்கும் முன் ஒரு முறை எடைமேடைக்குப் போய்வாருங்கள். அவிநாசி ரோட்டிலும் சத்தி ரோட்டிலும் நடக்கும் தூரத்தில் ஒன்று இருக்கும். வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி, முழு வண்டியை ஒரு முறை நிறுத்துங்கள். பிறகு டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே இருக்கும்படி, கொக்கியைக் கழற்றாமல் டிராக்டரை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை. கொக்கியைக் கழற்றிவிட்டு இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கிப் பாரம். கடைசியாக, டிரெய்லரை மாட்டிய நிலையில் டிராக்டரின் முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றுங்கள். டிராக்டரின் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது அங்கே காட்ட வேண்டும். அதற்குக் கீழே காட்டினால் பாரத்தைக் குறையுங்கள். பாரத்தைப் பின்னால் தள்ளிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். பின்பாரம் மிஞ்சினால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிப்பே போய்விடும். ரோட்டில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும்.

மகனிடம் சொல்ல வேண்டியவை சில. வயலில் திரும்புவதற்காக இடது, வலது பிரேக் பெடலைத் தனித்தனியாக மிதிப்பார்கள். ரோட்டுக்கு வரும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் தாழ்ப்பாளைப் போட மறந்துவிடுவார்கள். அவசரத்தில் ஒரு பெடல் மட்டும் மிதிபட்டால் ஒரு சக்கரம் மட்டும் நிற்கும், வண்டி அந்தப் பக்கமே சுற்றும். தோட்டத்து கேட்டைத் தாண்டும்போது தாழ்ப்பாள் போட்டாயிற்றா என்று பார்ப்பது கையோடு வர வேண்டிய பழக்கம். அடுத்தது சரிவு. எந்த கியரில் ஏறுவானோ அதே கியரில்தான் இறங்க வேண்டும், அதையும் சரிவு தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். பாதிச் சரிவில் கியர் மாற்றக் கிளட்சை மிதித்தால் இன்ஜின் பிடிப்பு போய்விடும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது பற்றி எழுதவே எனக்குக் கோபம் வருகிறது. பத்து ரூபாய் டீசல் மிச்சம் ஆகுமா?

கொக்கிக்கு உரிய பின் போட்டு அதற்குப் பூட்டு ஊசியும் போட வேண்டும். போல்ட் ஒன்றைச் சொருகிவிட்டுக் கிளம்புவது கூடாது. பின் கழன்றாலும் டிரெய்லர் ஓடிவிடாமல் ஒரு சங்கிலி இருக்கட்டும். பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் ஸ்டிக்கரும் இல்லாமல் இருட்டில் ரோட்டில் ஏறவே வேண்டாம். மட்கார்டில் ஆளை ஏற்றுவதும் கூடாது. ஓட்டுபவருக்கு ஒரு சீட்தான் உண்டு.

டிரெய்லரில் ஆள் ஏற்றுவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். களை எடுக்க, காய் பறிக்க வரும் பெண்களை டிரெய்லரில்தான் அழைத்து வருகிறோம். அவர்களும் "நடந்து போறதுக்கு இது தேவலைங்க" என்றுதான் ஏறுகிறார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்பது பலரின் தைரியம். 2007இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிந்தது. செங்கல்லுக்கு மண் எடுக்கப் போன டிராக்டரின் டிரெய்லரில் உட்கார்ந்து வந்த தொழிலாளி விழுந்து அடிபட்டார். பாலிசி விவசாய வேலைக்கு மட்டுமே எடுக்கப்பட்டது, செங்கல் மண் விவசாயம் ஆகாது, டிரெய்லரில் ஆள் ஏறவும் அதில் இடமில்லை, ஆகவே கம்பெனி பொறுப்பாகாது என்பது தீர்ப்பு. அந்தத் தொழிலாளி ஏழை என்பதால், முதலில் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு டிராக்டர் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றும் நீதிமன்றம் சொன்னது. கடைசியில் பணம் போனது யார் வீட்டிலிருந்து என்று யோசியுங்கள். உங்கள் வயலுக்கு அடிக்கும் வண்டல் விவசாய வேலை. அதே டிப்பரில் இன்னொருவரின் வீட்டு மனைக்கு வாடகைக்கு மண் அடித்தால் கதை மாறிவிடும். பாலிசியை எடுத்து ஒரு முறை படித்துப் பாருங்கள், டிரெய்லர் அதில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் சேர்த்து.

ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய மொத்த எடைக்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மலிவு டிப்பரில் நீங்கள் மிச்சம் பிடிக்க நினைத்த பணம் ஒரே சோதனையில் கரைய இது போதும்.

கேள்வி: நாலு சக்கர டிரெய்லர் என்றால் கொக்கியில் பாரமே இறங்காது என்கிறார் பட்டறைக்காரர். அப்படியானால் மினி டிராக்டரில் பெரிதாக மாட்டலாமா? – கோபி வட்டார வாசகர்.

பதில்: பட்டறைக்காரர் சொன்னது பாதி சரி. நாலு சக்கர டிரெய்லரில் பாரம் அதன் இரண்டு அச்சிலும் நின்றுகொள்ளும், கொக்கியில் இறங்குவது இழுக்கும் கம்பியின் எடை மட்டும்தான். முன்சக்கரம் தூக்கும் பயம் வெகுவாகக் குறையும். ஆனால் நிறுத்தும் கணக்கு இன்னும் மோசமாகிவிடும். மேலே பார்த்த உதாரணத்தில் கொக்கிப் பாரம் இருந்ததால்தான் டிராக்டரின் பின்சக்கரத்துக்கு 1,400 கிலோ கிடைத்தது. அது இல்லையென்றால் 600 கிலோதான், பிடிப்பு 360 கிலோ. பத்துக்கு ஒன்று சரிவில் 620 கிலோ தள்ளும்போது 360 கிலோவை வைத்து என்ன செய்ய முடியும்? நாலு சக்கர டிரெய்லர் வாங்குவதானால் அதில் பிரேக் இருக்க வேண்டும், அது வேலை செய்கிறதா என்று பாரத்தோடு ஓட்டிப் பார்க்கவும் வேண்டும். பிரேக் இல்லாவிட்டால் அதே ஒன்றரை மடங்குதான். பின்னோக்கி எடுப்பதும் நாலு சக்கரத்தில் தனி வித்தை. தென்னந்தோப்புக்குள் திருப்ப முடியாமல் தவிப்பீர்கள்.

கேள்வி: சரக்குப் பிக்கப் வண்டி வைத்திருக்கிறேன். சந்தை நாளில் ஆடுகளுக்கென்று ஒரு சின்ன டிரெய்லர் செய்து பின்னால் மாட்டிக்கொள்ளலாமா? – காங்கயம் வாசகர்.

பதில்: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் தனிப் பதிவு வேண்டும். பட்டறையில் செய்து அப்படியே ரோட்டில் ஏற்ற முடியாது. உங்கள் வண்டியின் கையேட்டில் டிரெய்லர் இழுக்கலாமா, எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். எழுதியிருந்தால், பிக்கப்பின் தொட்டியில் ஏற்றும் சரக்கையும் கொக்கியில் இறங்கும் பாரத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். தொட்டி நிறைய ஏற்றிவிட்டுப் பின்னால் டிரெய்லரும் மாட்டுவது என்பது ஒரே சம்பளத்தை இரண்டு பேரிடம் அடமானம் வைப்பது மாதிரி. ஆடு வேறு ஒரே இடத்தில் நிற்காது. வளைவில் எல்லாம் ஒரு பக்கம் சாயும். சந்தைக்குப் போகும் ஆடுகள் 15, 20தான் என்றால் தொட்டிக்கு உயரமான கம்பித் தடுப்பு அடித்து, நடுவில் ஒரு குறுக்குத் தடுப்பும் வைத்து ஏற்றுங்கள். அதற்கு மேல் என்றால் இரண்டு நடை போய்வருவதுதான் வழி.